முதலாளியைப் பார்த்து நின்ற என்சைம்

இந்தத் தொழிலுக்குப் புதுசா வந்திருக்கிற பிள்ளைகளா, ரிட்டயர் ஆகி வீட்டுல கருவேப்பிலைச் செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நிம்மதியா இருந்தவள இங்கன கூட்டியாந்து, "அனுபவத்தச் சொல்லுங்கம்மா"ன்னு மைக்கக் கையில குடுத்துட்டாக. நல்லா மாட்டுனீக. நான் வாயத் தொறந்தா லேசுல மூடமாட்டேன்.

என்சைமை எப்படி வளக்குறது, எப்படி வடிக்கிறது, எந்தச் சூட்டுல வைக்கிறதுன்னெல்லாம் நான் சொல்லப்போறதில்ல. அத உங்க மிஷினே சொல்லிக்குடுக்கும். தலைக்கு மேல வெள்ளம் போறப்ப எதச் சொல்றது, எத விடுறதுன்னு எந்த மிஷினும் சொல்லாது. அதுக்கு நான் ஒரு ஃபிளெக்ஸ் போர்டப் பத்திச் சொல்றேன். சிரிக்காதீக. என் சர்வீசுல நான் பட்ட பெரிய சங்கடம் அந்த போர்டுதான்.

ரெண்டாயிரத்தெட்டு வாக்குல நடந்தது. தேனியில இருந்து கம்பம் போற ரோட்டுல, வீரபாண்டி தாண்டி, பருத்தியில கொட்டை பிரிக்கிற ஒரு ஜின்னிங் மில்லுல எங்க லேப் இருந்துச்சு. லேப்புன்னா, பருத்தி மூட்டை அடுக்குற ஷெட்டுல ஒண்ணக் காலி பண்ணி, வெள்ளையடிச்சு, ஏசி மாட்டுனதுதான். எவ்வளவு தொடைச்சாலும் பஞ்சு பறந்துகிட்டே இருக்கும். மில் முதலாளிக்கு என்சைம்னா என்னன்னு கடைசி வரைக்கும் தெரியாது. ஆனா அவரு தென்னந்தோப்புக்குப் பக்கத்துல எவனோ கெமிக்கல் பட்டறை போட்டு, ஆசிட் தண்ணி கெணத்துல எறங்கி, மரமெல்லாம் பட்டுப்போச்சு. அந்தக் கோவத்துல இருந்த மனுசன்கிட்ட யாரோ, "ஆசிட் இல்லாம, வெறும் தண்ணியில வச்சே மருந்துச் சரக்கு செய்ய ஒரு வழி இருக்கு"ன்னு சொல்லியிருக்காக. அம்புட்டுத்தான். என்னையக் கொண்டாந்து உக்கார வச்சுட்டாரு.

எங்க வேலைய ஒரு வார்த்தையில சொல்றேன். சில மருந்துச் சரக்கு நம்ம ரெண்டு கை மாதிரி. பாக்க ஒண்ணுபோல இருக்கும், ஆனா வலது கை செருப்பு மாதிரி... சரி, வலது கால் செருப்பு இடது காலுக்குச் சேராதில்ல, அந்த மாதிரி. வலது சரக்கு நோயத் தீக்கும், இடது சரக்கு ஒண்ணுக்கும் ஆகாது, சில சமயம் கேடும் பண்ணும். ஆசிட்டும் கரைப்பானும் போட்டுக் காய்ச்சுனா ரெண்டும் பாதிப் பாதி வரும். பாதியத் தூக்கி ஆத்துல ஊத்துவாக. என்சைம் அப்படி இல்ல. அதுக்குள்ள ஒரு குழி இருக்கும். அந்தக் குழிக்குள்ள மூலப்பொருள் எப்படித் திரும்பி உக்காருதோ, அந்தக் கையிதான் வெளிய வரும். நாங்க என்ன பண்ணுனோம்னா, கம்ப்யூட்டர்ல அந்த என்சைமோட உருவத்த வச்சுக்கிட்டு, குழிச் சுவத்துல எந்த இடத்துல ஒரு செங்கல மாத்துனா இடது கை உக்கார முடியாமப் போகும்னு பாத்துப் பாத்து மாத்துனோம். வருசக்கணக்காப் பாத்தோம். என் வீட்டுக்காரர் மொகத்த விட அந்தக் குழிய நான் அதிகம் பாத்திருக்கேன்.

அத வாங்குறதுக்கு ஹைதராபாத்துல ஒரு மருந்துக் கம்பெனி முன்வந்துச்சு. சாம்பிள் அனுப்பினோம். பரவால்ல, ஆனா இடது சரக்கு துளியூண்டு கலந்து வருதுன்னாக. நேர்ல வந்து பாத்து முடிவு சொல்ல அவுக தலைமை விஞ்ஞானியே வர்றதாச் சொன்னாக. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பொம்பள. ரொம்பக் கறாருன்னு கேள்வி. இங்கன நான் அவுகள மேடம்னே சொல்லிக்கிறேன், பேரு வேணாம்.

முதலாளி என்னையத் தனியாக் கூப்பிட்டாரு. "டாக்டரம்மா, இந்த ஆர்டரு வந்தா லேப்பு இருக்கும். வரலைன்னா சீசனுக்கு ஷெட்டுல மூட்டை அடுக்கணும். என்னையத் தப்பா நினைக்கக்கூடாது"ன்னாரு. நான் ஒண்ணும் நினைக்கல. என்கிட்ட வேலை பாக்குற நாலஞ்சு பொம்பளைப் பிள்ளைக, சின்னமனூர்லயும் குச்சனூர்லயும் இருந்து பஸ்ஸு பிடிச்சு வர்ற பிள்ளைக, அவுக மொகம் தான் கண்ணுல நின்னுச்சு. எம்.எஸ்சி. படிச்சிட்டு மறுபடி வீட்டுல போயி மாப்பிள்ளை பாக்குற வரைக்கும் உக்காரணும்.

டாக்டரம்மான்னு சொன்னேன்ல. பிஎச்.டி. பண்ணுனதால கதவுல டாக்டர்னு போர்டு போட்டிருந்தாரு முதலாளி. அன்னையில இருந்து அக்கம்பக்கத்து ஜனங்க காய்ச்சல்காரப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து வாசல்ல நிப்பாக. நான் இந்த டாக்டர் இல்ல ஆத்தான்னு சொன்னா, "பரவால்லக்கா, சும்மா தொட்டுப் பாருங்க"ம்பாக. நானும் தொட்டுப் பாத்து, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்புவேன். எனக்குக் கைராசின்னு வேற பேரு. இத ஞாபகம் வச்சுக்கங்க, பின்னால வருது.

மேடம் வர்றதுக்கு முந்தின வாரம் முதலாளி, "நம்ம என்சைமோட நல்ல போட்டோ ஒண்ணு குடும்மா"ன்னாரு. எனக்குப் பெருமையாப் போச்சு. கலர் கலரா நாடாவச் சுத்திச் சுத்தி வச்ச மாதிரி இருக்கும்ல, அந்தப் படத்தக் குடுத்தேன். எதுக்குன்னு கேக்கல.

மேடம் வர்ற அன்னைக்குக் காலையில தேனியில இருந்து மொபெட்ல வர்றேன். வீரபாண்டி விலக்குல, ஊருக்குள்ள ரோடு பிரியிற எடத்துல, வீடு ஒசரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸு. அன்னைக்குத்தான் முதலாளியோட தங்கச்சி பேரனுக்குக் கௌமாரியம்மன் கோயில்ல காதுகுத்து. மனுசன் ரெண்டு விசேசத்தையும் ஒரே போர்டுல முடிச்சிருக்காரு. மேல அவுக சங்கத்துத் தலைவரு கும்பிட்டுக்கிட்டு இருக்காரு. நடுவுல முதலாளி, கையில செல்போனு. இடது பக்கம் மொட்டையடிக்காத பேரன். வலது பக்கம், ஆளு ஒசரத்துக்கு, என் என்சைம். பேரனுக்கும் என்சைமுக்கும் பொதுவா, அடியில "விழா நாயகன்"னு கொட்ட எழுத்துல. அதுக்கும் கீழ மேடத்தோட பேரப் போட்டு வருக வருக.

எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. வண்டிய நிறுத்தி நின்னு பாத்தேன். பாக்கப் பாக்க என்னமோ நெருடுச்சு. நல்லாத் தெரிஞ்ச ஆளு வகிட்ட மாத்தி எடுத்துட்டு வந்தா எப்படி இருக்கும், அப்படி. அப்புறம் சுருளப் பாத்தேன். என்சைமுக்குள்ள இருக்கிற சுருளு அத்தனையும் வலது பக்கமாத்தான் சுத்தும், திருகாணி மாதிரி. உலகத்துல எந்த உயிரு செஞ்ச என்சைமா இருந்தாலும் அதுதான் கணக்கு. இந்த போர்டுல அத்தனையும் இடது பக்கமாச் சுத்துது. படத்தக் கண்ணாடியில காட்டுன மாதிரி இடவலமாத் திருப்பிப் போட்டிருக்காங்கே. இடதுகையும் வலதுகையும் எங்களுக்குத் துல்லியமாத் தெரியும், எங்களை நம்பி வாங்குங்கன்னு சொல்லித்தான் அந்தம்மாவ வரவழைக்கிறோம். வர்ற வழியில, அவுக பேருக்கு மேல, எங்க என்சைமே கை மாறி நிக்குது.

அங்கன இருந்தே ஃபிளெக்ஸ் கடைக்காரருக்குப் போனப் போட்டேன். படத்த ஏன்யா திருப்புனன்னு கேட்டா, மனுசன் பெருமையாச் சொல்றாரு.

"அக்கா, அது ரோட்டப் பாத்துட்டு நின்னுச்சுக்கா. போர்டுல யாரா இருந்தாலும் முதலாளியப் பாத்துத்தான் நிக்கணும். அதான் திருப்பி விட்டேன்."

"அதுக்கு ஏதுய்யா மூஞ்சி?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீக. ஒரு பக்கமா வாயப் பொளந்துகிட்டு இருக்குல்ல."

அவரு வாயின்னது எங்க குழிய. நாங்க வருசக்கணக்கா ஒவ்வொரு செங்கலா மாத்துன குழி. அது வெளிப்பக்கமாப் பாத்துக்கிட்டு இருந்தா முதலாளிக்கு மரியாதை இல்லையாம். அந்த ஊரு வழக்கப்படி அவரு செஞ்சதுல தப்பும் இல்ல. போர்டுல தம்பி அண்ணனுக்குப் பொறத்தக் காட்டி நின்னதுக்காகக் குடும்பம் ரெண்டானத நானே பாத்திருக்கேன்.

அடுத்து முதலாளிக்குப் போட்டேன். கோயில்ல மேளச்சத்தம். போர்ட எறக்கச் சொன்னேன். "எறக்குறதா? தலைவர் படம் இருக்கும்மா"ன்னாரு. தலைவர் இருக்கிற போர்ட விசேசம் முடியாம எறக்குனா அது வேற கதையாகும்னு அவரு சொன்னதுல எனக்கும் மறுப்பில்ல. அப்புறம் அவரே, "ஒண்ணு செய்வோம், என்சைம மட்டும் மூடிருவோம். ரெண்டு ஆள அனுப்புறேன்"னாரு. அதோட விடாம, "அந்தம்மா கேட்டா, போட்டிக் கம்பெனிக்காரன் பாத்துரக்கூடாதுன்னு வேணும்னே திருப்பிப் போட்டோம்னு சொல்லிரு. கலப்பப் பத்திக் கேட்டா எல்லாம் சரியாயிருச்சு, சுத்தம்னு சொல்லிரு"ன்னாரு. சரின்னும் சொல்லாம இல்லன்னும் சொல்லாம வச்சுட்டு லேப்புக்குப் போயிட்டேன். நீங்களும் இந்த மாதிரி இடத்துல அப்படித்தான் வைப்பீக, எனக்குத் தெரியும்.

மில் ஆளுக ரெண்டு பேரு போயிருக்காக. மூடுறதுக்குத் துணி வேணும்ல. காதுகுத்துக்குச் சீரா வந்த புது வேட்டி ஒண்ணக் கொண்டுபோயி, ஏணி போட்டு ஏறி, என்சைம் மேல அழகாக் கட்டிட்டு எறங்கிட்டாக. அவுக அந்தப் பக்கம் போனதும் நம்ம ஊருக் காத்துப் பிடிச்சிருச்சு. கம்பம் பள்ளத்தாக்குல ஆடிக் காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. வேட்டி ஒரு பக்கம் அவுந்து, பறந்து, சுத்தி, நேராப் போயி தலைவர் மொகத்து மேல விழுந்து ஒட்டிக்கிச்சு.

வெள்ளை வேட்டி. மொகத்து மேல. நம்ம ஊருல எவன் மொகத்த வெள்ளைத் துணியால மூடுவாக?

முதல்ல பஸ்ஸுல போன ஒரு ஆளு பாத்துட்டு, தலைவர் போயிட்டாராம்னு சின்னமனூருக்குச் செய்தி கொண்டுபோயிட்டான். அங்கன கடை அடைக்க ஆரம்பிச்சுட்டாக. அப்புறம் தலைவரே போன எடுத்து, "ஏலே, நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேண்டா"ன்னு சொன்ன பிறகு, அப்ப எவனோ வேணும்னு செஞ்சிருக்கான், உயிரோட இருக்கிற மனுசனுக்குக் கோடி போத்திட்டான்னு ஆயிப்போச்சு. வேட்டிய எறக்கி, சாட்சிக்குன்னு மடிச்சு வச்சுக்கிட்டு, சங்கத்து ஆளுக வீரபாண்டி விலக்குல ரோட்டுல உக்காந்துட்டாக. மறியல்.

எங்க லேப்புக்கு அது கூப்பிடு தூரம். சத்தம் கேட்டு நான் ஓடுறேன். அங்கன பாத்தா, மறியல்ல முதல் வரிசையில, பட்டு வேட்டி கட்டி, நெத்தி நெறையச் சந்தனத்தோட உக்காந்திருக்கிறது எங்க முதலாளி. அவரு அந்தச் சங்கத்துல மாவட்டப் பொறுப்பு. அவரு உக்காராம எப்படி? "தலைவர் மொகத்த மூடுனவன உடனே கைது பண்ணு"ன்னு அவருதான் எடுத்துக் குடுக்கிறாரு, கூட்டம் பின்னால சொல்லுது. பக்கத்துலயே அந்த வேட்டியக் கட்டுன ரெண்டு ஆளுகளும் உக்காந்து கைய ஓங்கிக் கோசம் போடுறாக. என்னையப் பாத்ததும் முதலாளி கண்ணால, பேசாதன்னு கெஞ்சுறாரு. காதுகுத்துக்கு வந்த சொந்தக்காரங்க எல்லாம் கெடாக்கறி ஆறுதேன்னு பொலம்பிக்கிட்டு ரோட்டோரம் நிக்கிறாக. மொட்டையடிச்ச பேரன் வீறிட்டு அழுகுறான்.

மறியலுக்கு அந்தப் பக்கம், போர்டுக்கு நேர் எதிர, வரிசையில முதல் வண்டியா வெள்ளைக் கார் ஒண்ணு. உள்ள மேடம். தலைக்கு மேல என்சைம், மூடாக்கு இல்லாம, வாயப் பொளந்து முதலாளியப் பாத்துக்கிட்டு.

கூட்டத்துக்குள்ள நான் எப்படிப் போவேன்னு நினைக்கிறப்பவே ஒருத்தரு, "ஏய், டாக்டரம்மா வாறாக, வழி விடுங்கப்பா, காருக்குள்ள யாருக்கோ முடியலை போல"ன்னாரு. சட்டுனு வழி தெறந்துச்சு. நான் ஒண்ணும் பொய் சொல்லல. சும்மா நடந்தேன்.

கார்க் கண்ணாடி எறங்கியிருந்துச்சு. மேடம் என்னையப் பாக்கல. போர்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தாக. எவ்வளவு நேரமாப் பாத்துக்கிட்டு இருந்தாகளோ. நான் யாருன்னு சொன்னேன். தலைய ஆட்டிட்டு, "அது உங்க என்சைமா?"ன்னு கேட்டாக. ஆமான்னேன்.

"எல்லாச் சுருளும் இடது பக்கம் போகுது."

கோவமே இல்லாத குரலு. அதுதான் எனக்குப் பயம். ஏற்கெனவே ஒரு கம்பெனி கைய மாத்தி அனுப்பினதுல சரக்கு மொத்தத்தையும் அழிக்க வேண்டியதாப் போச்சுன்னும், இடது வலது தெரியாத இன்னொரு இடத்துல வாங்கிட்டு மறுபடி போய்ப் பதில் சொல்லத் தன்னால முடியாதுன்னும் சொன்னாக. டிரைவர்கிட்ட, மதுரைக்கே திருப்புங்கன்னுட்டாக.

இப்பத்தான் பிள்ளைகளா நான் சொல்ல வந்த இடம். முதலாளி சொல்லிக்குடுத்த பொய்யி நாக்கு நுனியில நிக்குது. நல்ல பொய்யி வேற. போட்டிக்காரன் கண்ணுல படக்கூடாதுன்னு வேணும்னே திருப்பினோம், பாத்தீகளா எங்க சாமர்த்தியத்தன்னு சொல்லலாம். ஆனா அடுத்து அவுக கேக்கப்போற கேள்வி கலப்பப் பத்தித்தான். முதல் பொய்யி சொன்னவ ரெண்டாவதையும் சொல்லித்தான் ஆகணும். அதுவும் சொல்லி, சரக்குப் போயி, அங்கன சோதிச்சுப் பாத்தா? மருந்து அது. யாரோ திங்கப்போறது.

நான் உள்ளதச் சொல்லிட்டேன். முதலாளியப் பாக்கணும்னு கடைக்காரரு திருப்புனத, காலையிலதான் நான் பாத்தத, மூடுறதுக்கு வேட்டி கட்டுனத, அது பறந்து தலைவர் மேல விழுந்தத, அதனாலதான் இந்த மறியல்ங்கிறத, மறியல்ல முன்னால உக்காந்திருக்கிறவருதான் எங்க முதலாளிங்கிறத. சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை இல்ல. மேடம் மொகத்துல ஒரு மாத்தமும் இல்ல. டிரைவர் மட்டும் ஸ்டியரிங்ல தலைய வச்சுக்கிட்டுக் குலுங்குறாரு.

"காரணம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதைப் போய் நான் யார்கிட்ட சொல்றது?"ன்னாக.

கார் ரோட்டோரத்து மண்ணுல எறங்கி, வளைச்சு, தேனியப் பாத்துத் திரும்பிருச்சு. நான் டிரைவர் பக்கத்துல பக்கவாட்டுக் கண்ணாடியப் பிடிச்சுக்கிட்டே நடக்கிறேன். அழுகை முட்டிக்கிட்டு வருது. தலையக் குனிஞ்சப்ப அந்தக் கண்ணாடியில போர்டு தெரிஞ்சுச்சு. தலைவர் பேரு இடவலம் மாறித் தெரியுது. முதலாளி செல்போன் வேற கைக்குப் போயிருச்சு. என் என்சைம் மட்டும் சரியா நிக்குது. அத்தனை சுருளும் வலது பக்கமா, நான் பெத்து வளத்த மாதிரியே.

"தம்பி, நிறுத்துங்க. மேடம், ஒரே ஒரு தடவை இந்தக் கண்ணாடியப் பாருங்க. அப்புறம் போங்க."

அவுக பாத்தாக. பின் சீட்டுல இருந்து சரியாத் தெரியல. எறங்கி, முன் சீட்டுக்கு வந்து, டிரைவர எறங்கச் சொல்லிட்டு, அவரு எடத்துல உக்காந்து எட்டிப் பாத்தாக. டிரைவர் வெளிய நின்னு கண்ணாடியக் கொஞ்சம் மேல, கொஞ்சம் உள்ளன்னு அவுக சொல்றபடி திருப்புனாரு. அப்புறம் கண்ணாடியில இருந்து கண்ண எடுக்காமலே கேட்டாக.

"கலப்பு எங்கேயிருந்து வருது?"

நான் வெளிய நின்னபடியே கைய நீட்டி, கண்ணாடி மேல விரல வச்சுக் காட்டுனேன். இந்தச் சுவத்துல சின்ன செங்கல எடுத்துட்டுப் பெரிசு வச்சோம், அதனால இடது கை இங்கன உக்கார முடியாது. ஆனா எதிர்ப் பக்கத்துல கதவு மாதிரி ஒரு மடல் இருக்குல்ல, அது லொடலொடன்னு ஆடுது. அது தெறக்கிறப்ப, திரும்பி உக்காந்த ஒண்ணு ரெண்டு நுழைஞ்சிருது. அத இன்னும் சரி பண்ணல. எப்படிப் பண்ணணும்னு தெரியும், செஞ்சு பாக்க அவகாசம் வேணும். சுத்தமாயிருச்சுன்னு சொல்லச் சொல்லித்தான் எனக்கு உத்தரவு, ஆனா சுத்தமாகலைன்னேன்.

இதுக்குள்ள காரச் சுத்திக் கூட்டம் கூடிருச்சு. காருக்குள்ள இருக்கிற அம்மாவுக்கு மயக்கம், டாக்டரம்மா கண்ணப் பாக்குறாகன்னு ஒருத்தன் சொல்ல, இன்னொருத்தன் சோடா ஒடைச்சுக் கொண்டாந்தான். ஒரு ஆத்தா எலுமிச்சம்பழத்த மேடம் மூக்குல வச்சு அமுக்குது. மேடம் அதத் தள்ளாம வாங்கிக்கிட்டு, ஒரு கையில எலுமிச்சம்பழம், ஒரு கையில சோடாவோட, "மடலோட எந்தப் பக்கம் ஆடுது?"ன்னு அடுத்த கேள்வி கேக்குறாக. முதலாளிக்கு இருப்புக் கொள்ளல. மறியல விட்டு எழுந்திரிக்கவும் முடியல. பொம்பளைக கண்ணாடி பாத்துக்கிட்டு இருக்காக, அங்கிட்டுத் திரும்பாதீகன்னு கூட்டத்தச் சத்தம் போட்டாராம். மறியலே எங்க பக்கம் திரும்பி உக்காந்துச்சு.

கடைசியா இன்ஸ்பெக்டர் வந்து என்னய்யா கோரிக்கைன்னு கேக்க, போர்டுக்குப் பதிலா இதவிடப் பெரிய போர்டு வைக்கணும்னு முதலாளி கோரிக்கை வச்சாரு. யாரு வைப்பான்னு கேட்டதுக்கு நானே வைக்கிறேன்னாரு. கோரிக்கை வச்சதும் அவரே, ஏத்துக்கிட்டதும் அவரே. போராட்டம் வெற்றின்னு கைதட்டிட்டு எல்லாரும் கறிச்சோறு திங்கப் போயிட்டாக.

மேடம் டிரைவர்கிட்ட, "வண்டியத் திருப்புங்க, லேபுக்குப் போகலாம்"னாக. வந்தாக, எல்லாத்தையும் பாத்தாக, முதலாளி அவுகளப் பிடிச்சு வச்சு போட்டோ எடுத்துக்கிட்டாரு. போறப்ப எந்த உறுதியும் குடுக்கல. மடலச் சரி பண்ணி சாம்பிள் அனுப்புங்க, பாத்துட்டுச் சொல்றேன்னு சொன்னாக. அம்புட்டுத்தான்.

மடல மாத்துனோம். ஆடுற இடத்துல எறுக்கமா ஒண்ண வச்சோம். சாம்பிள் அனுப்பினோம். பதில் இல்ல. பருத்தி சீசன் வந்துருச்சு. முதலாளி ஷெட்டுக்குள்ள வந்து, என் மொகத்தப் பாக்காம, டேப் வச்சு அளந்துட்டுப் போனாரு. எங்க பிள்ளைகள்ல ஒருத்தி மத்தியானம் சாப்பிட உக்காந்தவ டப்பாவ மூடி வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

இதுக்கு நடுவுல புது போர்டு. வாக்குக் குடுத்தாச்சுல்ல. தலைவரு, முதலாளி, என்சைம், வருகை தந்த மேடத்துக்கு நன்றி. இந்தத் தடவை நான் விடல. கடையிலயே ஸ்டூலப் போட்டு உக்காந்துட்டேன். என்சைமத் திருப்புனா கைய ஒடிச்சிருவேன்னேன். கடைக்காரரு பாவம், "சரிக்கா, இத இடது பக்கம் வச்சுக்கிறேன், அப்ப தன்னால முதலாளியப் பாத்துரும்"னு ஏத்துக்கிட்டாரு. ஒவ்வொரு சுருளையும் விரல் வச்சுச் சரி பாத்துட்டுத்தான் பிரிண்டு போடச் சொன்னேன். அடிச்சு, கட்டி, முதலாளி அதப் போட்டோ எடுத்து மேடத்துக்கு மெயில்லயும் அனுப்பிட்டாரு.

கொஞ்ச நாள் கழிச்சு லேப்புக்குப் போன் வந்துச்சு. ஹைதராபாத்து நம்பரு. பிள்ளைக எல்லாம் கைவேலையப் போட்டுட்டு என்னையச் சுத்தி நிக்கிறாக. மேடம்தான்.

"போர்டு பார்த்தேன். என் சேலைத் தலைப்பு வலது தோள்ல கிடக்குது."

என்சைம இடது பக்கம் வச்சாரா, வலது பக்கம் மேடம் வந்துட்டாக. அவுக போட்டோவுல ரோட்டுப் பக்கமாப் பாத்திருக்காக. முதலாளியப் பாக்க வேணாமா, திருப்பிட்டாரு. தினமும் சேலை கட்டுறவ நான். பக்கத்துலயே உக்காந்து, சுருள மட்டும் பாத்துட்டு வந்திருக்கேன்.

"என்சைமாவது சரியா நிக்குதா?"

"நிக்குது மேடம்."

"சாம்பிளும் சரியா இருக்கு. அனுப்ப ஆரம்பிங்க."

போன வச்சதும் பிள்ளைக என் மொகத்தப் பாத்தே புரிஞ்சுக்கிட்டாக. நான் நாற்காலியில உக்காந்து நல்லா அழுதேன். டப்பாவ மூடிட்டுப் போனவதான் எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தா.

அன்னைக்குச் சாயங்காலமே ஃபிளெக்ஸ் கடைக்குப் போயி, மேடத்த நேராத் திருப்பி வேற அடிச்சுக் குடுய்யான்னு கேட்டேன். கடைக்காரரு கம்ப்யூட்டர்ல அந்த போர்டத் தெறந்து பாத்தாரு. மனசே இல்லாமச் சொன்னாரு.

"திருப்பலாம்க்கா. ஆனா அப்புறம் அவுக ரோட்டப் பாப்பாகளே."